பதினான்கு பாத்திரங்கள்

“யார் பேரு வெட்டணும் பாப்பா?” என்று பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவர் அவளைத்தான் கேட்டார். திண்டிவனத்தில், கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது. அவர் கையில் பேனா மாதிரி ஒரு மெஷின் இருந்தது. அதன் ஒயர் சுவரில் போய்ச் செருகியிருந்தது. முன்னால் பதினான்கு கனத்த அலுமினியப் பாத்திரங்கள், அண்டாவும் தேக்சாவுமாக, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அமல்ராணிக்கு அப்போது பத்தொன்பது வயது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அந்நிய மனிதர் யாரும் அவளிடம் கேள்வி கேட்டே வருடக்கணக்காகியிருந்தது. தன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து அப்பா அடைக்கலராஜ், “மாப்ள பேரு போடுய்யா. சகாய பிரவீன்னு தெளிவா, பெருசா போடு” என்றார். “பொண்ணுக்குத் தர்ற சீருன்னு சொன்னீங்க?” என்றார் அந்த ஆள். “பொம்பளை பேரு போட்ட அண்டாவ எவன்யா பந்திக்கு எடுத்துக்கினு போவான்?” என்று அப்பா சிரித்தார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மெஷின் உறுமத் தொடங்கியது. திறந்த வாயை அமல்ராணி மூடிக்கொண்டாள்.

அடைக்கலராஜ் கல்யாணச் சமையல்காரர். திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழா அசன விருந்தா, மஞ்சள் நீராட்டா, பிரியாணிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். தன்னிடம் இருந்த பழைய பித்தளையையெல்லாம் எடைக்குப் போட்டுத்தான் அந்தப் பதினான்கையும் எடுத்தார். பழசுக்குப் புதுசு மாற்றியதால் பில் எதுவும் போடவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. கல்யாணத்தன்று கோயில் வாசலில் சீரை அடுக்கி வைத்து, பங்குச் சாமியாரும் ஊராரும் பார்க்க, “எம் மாப்ள கையில என் தொழிலையே குடுத்துட்டேன்” என்று உரக்கச் சொன்னார். சவுண்ட் சர்வீஸில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த பிரவீன் அன்றிலிருந்து சமையல் காண்ட்ராக்டர் ஆனான். போர்டில் அவன் பேர் இருந்தது. வெங்காயம் வெட்டியதும், அரிசி களைந்ததும், மசாலாப் பக்குவம் பார்த்ததும், பந்தி முடிந்த பிறகு அடிப்பிடித்த தேக்சாவுக்குள் பாதி உடம்பை விட்டுச் சுரண்டியதும் அவள்.

இப்போது அந்தப் பாத்திரங்கள் கூட்டேரிப்பட்டுக்கு உள்ளே பிரவீன் வீட்டு வாசலில், வெயிலில் கிடந்தன. பதினான்கு அல்ல, இருபத்தாறு. வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டாயிலிருந்து ஒவ்வொன்றாக உருட்டி வெளியே கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தார்கள். விழுப்புரம் கோர்ட்டில் அமல்ராணி விவாகரத்துக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம்தான் ஜட்ஜ் ஒரு உத்தரவு போட்டார். வக்கீல் கமிஷனர் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பெண் வீட்டிலிருந்து கொண்டு வந்தது எது, கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சேர்ந்தது எது என்று பிரிக்க வேண்டும். கொண்டு வந்தது என்று அவள் நிரூபிக்கிறதை அவள் பொறுப்பில் விட்டுவிடலாம். மற்றது தீர்ப்பு வரைக்கும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

கமிஷனராக வந்த தமிழ்மணி முப்பது வயதுக்காரர். ஒரு கையில் குடை, ஒரு கையில் ஃபைல். கூட ஒரு பெண் போலீஸ். அப்பா தன் டி.வி.எஸ்.ஸில் திண்டிவனத்திலிருந்து வந்து, வேலியோரம் வண்டியை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். பாத்திரம் ஏற்றச் சீனுவாசன் என்கிற டிரைவரின் டாட்டா ஏஸை அமல்ராணி விழுப்புரத்திலிருந்தே கூட்டி வந்திருந்தாள். இந்த இரண்டு வருடமும் அவள் விழுப்புரத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் அன்புச்செல்வி அக்கா நடத்தும் மெஸ்ஸில் சமைத்துக்கொண்டு, அங்கேயே பின்கட்டு அறையில் தங்கியிருக்கிறாள். சாப்பிட வந்த ஒருவர் அவள் கைப்பக்குவத்தைப் பார்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு இருநூறு பேருக்குச் சமைத்துத் தரச் சொன்னார். அவள் சரியென்று சொல்லிவிட்டாள். வாழ்க்கையில் அவள் பேருக்கு வந்த முதல் வேலை. வாடகைக்குப் பாத்திரம் எடுக்கலாமே என்றால், அந்தத் தொழிலில் இருக்கிறவன் எல்லாம் பிரவீனுக்குத் தெரிந்தவன். அவள் பேரைக் கேட்டதும் அன்றைக்குப் பாத்திரம் இல்லை என்கிறான். இந்தப் பதினான்கும் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியும். அதற்குப் பிறகும் எரியும். கிடைக்காவிட்டால் காலம் முழுக்க அக்கா மெஸ்ஸில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“எல்லாத்துலயும் உங்க புருஷன் பேருதாம்மா இருக்கு” என்றார் தமிழ்மணி. குனிந்து குனிந்து இருபத்தாறையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். வியர்வை காதோரம் வழிந்தது.

“ஏன் சார் இருக்காது? எல்லாம் நான் வாங்கினது” என்றான் பிரவீன். வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, மாப்பிள்ளை மாதிரி நின்றான். ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து பில்லை எடுத்து நீட்டினான். புதுச்சேரியில் இரண்டாயிரத்துப் பத்தொன்பது மே மாதம் வாங்கிய பன்னிரண்டு பாத்திரத்துக்கு அந்தப் பில். “மீதியும் அங்கங்க வாங்கினதுதான். பில்லு காணாமப் போச்சு. அவங்க குடுத்த பழசெல்லாம் ஓட்டை விழுந்து அப்பவே காயலாங்கடைக்குப் போட்டாச்சு.”

“பொய் சார்” என்றாள் அமல்ராணி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“பொய்னா ப்ரூஃப் காட்டச் சொல்லுங்க சார். பேரு எம் பேரு, பில்லு எங்கிட்ட. அவகிட்ட இன்னா கீது?”

புதுசு வாங்கியபோது பழசோடு சேர வேண்டும் என்று அதே கனம், அதே அளவில் தேடித் தேடி வாங்கியவன் அவன். பேரையும் அதே மாதிரி வெட்ட வைத்தான். இப்போது கமிஷனர் வருகிறார் என்று தெரிந்து இருபத்தாறையும் ஆசிட் ஊற்றித் தேய்த்து வைத்திருந்தான். எல்லாம் ஒரே மாதிரி பளபளத்துக்கொண்டு, பார்க்கிறவர் கண்ணைக் கூசச் செய்தன. தமிழ்மணி பேனாவால் நெற்றியைச் சொறிந்தார். அவரும் எத்தனையோ வீடு பார்த்திருப்பார். பீரோ என்றால் ஒன்று, கட்டில் என்றால் ஒன்று, கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே மாதிரி இருபத்தாறு பாத்திரத்தைப் பிரிக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

“அடையாளம் ஏதாவது சொல்ல முடியுமாம்மா? இல்லேன்னா நான் ‘அடையாளம் காட்டப்படவில்லை’ன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதான்.”

அமல்ராணி பாத்திரங்களைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே தெரு கூடிவிட்டது. செடியிலிருந்து மல்லாட்டைக் கடலை உருவிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தோடு எழுந்து வந்து நின்றார்கள். இந்தப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எட்டு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு காப்பாற்றிய மானம் என்று ஒன்று அவளுக்குள் இருந்தது. ஊசிப்போன சோற்றை மூடி வைத்திருப்பது மாதிரி அதை மூடியே வைத்திருந்தாள். திறந்தால் நாறும் என்று பயம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

“அடையாளம் இருக்குது சார்” என்றாள். “ஒடுக்கு.”

“என்னம்மா?”

“ஒடுக்கு விழுந்ததெல்லாம் என்னுது.”

போய் முதல் தேக்சாவின் முன்னால் உட்கார்ந்தாள். அடிப்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு உள்ளே போயிருந்த பள்ளத்தைத் தொட்டுக் காட்டினாள். “இது கல்யாணம் ஆன வருஷம் கிறிஸ்மஸுக்கு. சோறு கொழைஞ்சு போச்சுன்னு காலால ஒதைச்சாரு. வயித்துல வந்து பட்டுச்சு. நான் கீழ விழுந்தேன், இது எம்மேல உருண்டுச்சு.” அடுத்ததற்கு நகர்ந்தாள். “இது மறு வருஷம் பெரிய வியாழன் அன்னிக்கு. கோயிலுக்குப் போறேன்னு சொன்னேன். மூடியத் தூக்கி வீசினாரு. நான் குனிஞ்சுட்டேன், இது மேல பட்டுச்சு. ரெண்டாவது தடவ குனிய முடியல.” உதட்டை விரலால் விலக்கிக் காட்டினாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

தமிழ்மணி எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சார், கதை வுடறா சார்” என்று பிரவீன் சிரித்தான். “பந்திக்குப் போற அண்டா சார். லாரில ஏத்தி எறக்கினா ஒடுக்கு வுழாதா? ஒவ்வொண்ணுத்துக்கும் ஒரு கதை சொல்லிக்கினு இருந்தா விடிஞ்சுடும்.”

“சொல்லட்டும்” என்றார் அந்தப் பெண் போலீஸ். அதுவரை நிழலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து பக்கத்தில் வந்தார்.

அமல்ராணி சொல்லிக்கொண்டே போனாள். ஒருமுறை மடை திறந்த பிறகு நிறுத்த முடியவில்லை. அழவில்லை. ரேஷன் கடையில் சாமான் பேர் சொல்வது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த அண்டாவில் கொதிக்கிற கஞ்சி இருந்தது. வடிக்கும்போது பின்னாலிருந்து தள்ளினான். அண்டா அடுப்புக்கல்லில் மோதி நசுங்கியது, கஞ்சி அவள் தொடையில் கொட்டியது. இந்தக் குண்டானைத் தலையில் கவிழ்த்துக் கரண்டியால் மேலிருந்து அடித்தான். மூன்று நாள் காது கேட்கவில்லை. இதற்குள் அவள் தலையை அழுத்தித் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டான். அவள் உதைத்த உதையில் விழுந்த ஒடுக்கு இது, இது ஒன்று மட்டும் அவள் போட்டது. சில இடத்தில் ஒடுக்கு எடுத்துத் தட்டி நேராக்கியிருந்தது. அதையும் வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்துக் காட்டினாள். தட்டின இடம் நிழலாகத் தெரிந்தது. வேலியில் நின்ற பெண்களில் ஒருத்தி முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா, நீங்க இந்த வீட்லதானே இருந்தீங்க? இதெல்லாம் நடந்ததா?” என்று தமிழ்மணி வாசற்படியைப் பார்த்துக் கேட்டார். அங்கே பிரவீனின் அம்மா அக்னஸ் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஜெபமாலை சொல்லிக்கினு இருந்திருப்பேன் சார். எனக்கு இன்னா தெரியும்?” என்றாள் அக்னஸ், தலை நிமிராமல்.

அது பொய் இல்லை. அடி விழும்போதெல்லாம் மாமியார் ஜெபமாலையை எடுத்துக்கொள்வாள். அமல்ராணியின் சத்தம் ஏற ஏற அவள் ஜெபமும் ஏறும். தெருவில் போகிறவர்கள் அந்த வீட்டில் எந்நேரமும் பக்தி என்று சொல்வார்கள்.

ஒன்பதாவது பாத்திரம் பெரிய தேக்சா. நூறு பேருக்கு ஒரே தடவையில் பிரியாணி போடலாம். அதன் விளிம்பு ஓரிடத்தில் கீழ்நோக்கி வளைந்திருந்தது. அமல்ராணி அதன் முன்னால் உட்கார்ந்தாள். நீளக்கை ஜாக்கெட்டின் இடது கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. அந்தக் கையைக் கொண்டுபோய் விளிம்பின் வளைவில் வைத்தாள். வார்த்தெடுத்தது போல எலும்பின் கோணலும் அலுமினியத்தின் கோணலும் பொருந்தின.

“இப்படித்தான் கையை வச்சுக்கினு கழுவிக்கினு இருந்தேன். சோறு கிண்டற இரும்புத் துடுப்பால போட்டாரு. கையும் போச்சு, வெளிம்பும் போச்சு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில மாவுக்கட்டு போட்டாங்க.” இடுப்பிலிருந்த பையிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். “தேதி பாருங்க சார். ரெண்டாயிரத்துப் பதினேழு நவம்பர். அவரு பில்லு காட்டறது பத்தொம்பது.”

தமிழ்மணி சீட்டை வெயிலில் பிடித்துப் படித்தார். “‘வழுக்கி விழுந்ததால்’னு போட்டிருக்கேம்மா?”

“நான்தான் அப்படிச் சொன்னேன் சார். டாக்டரம்மா ரெண்டு தடவை கேட்டாங்க. இவரு பக்கத்துல நின்னுகினு இருந்தாரு. அதுக்கு முந்தின நாள்தான் அப்பா என்னைக் கொண்டாந்து இங்க வுட்டுட்டுப் போனாரு. அடிக்கறாருன்னு சொல்லிக்கினு நான் திண்டிவனத்துக்கு ஓடிப்போயிருந்தேன். வண்டில ஒக்கார வச்சு, பிரியாணி கட்டிக் குடுத்து, மாப்ளகிட்ட நான் சொல்லிட்டேன், இனிமே அடிக்க மாட்டாருன்னு சொன்னாரு.”

யாரையும் குற்றம் சொல்வது போல அவள் அதைச் சொல்லவில்லை. தேதிக்குத் துணையாகத்தான் சொன்னாள். அடைக்கலராஜ் டி.வி.எஸ்.ஸின் சீட்டை உள்ளங்கையால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“சரிம்மா. இது பழசுன்னே வச்சுக்குவோம்” என்றார் தமிழ்மணி. குரல் இறங்கிவிட்டிருந்தது. “ஆனா ஒடுக்கு இருக்கறதெல்லாம் உங்களுதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? பத்தொம்பதுக்கு அப்புறமும் நீங்க மூணு வருஷம் இங்கதானே இருந்தீங்க. அப்ப அடிக்கலையா?”

“அடிச்சாரு சார். பெல்ட்டு, ஒயரு, கையி. பாத்திரத்தால அடிச்சா என் சீருப் பாத்திரத்தாலதான் அடிப்பாரு. புதுச அவரு தொட்டதே இல்ல.” வரிசையின் மறுமுனையில் இருந்த பன்னிரண்டின் பக்கம் கையைக் காட்டினாள். “அது அவரு துட்டு போட்டு வாங்கினது சார். ஒடுக்கு வுழுந்தா வாடகை போய்டும்னு அவருக்குத் தெரியும். போய்ப் பாருங்க, ஒண்ணுல ஒரு சொட்டை இருக்காது.”

தமிழ்மணி குடையை மடக்கித் தரையில் வைத்துவிட்டு வரிசையின் மறுமுனைக்குப் போனார். முதல் பாத்திரத்தைச் சுற்றித் தடவினார். இரண்டாவதைக் கவிழ்த்துப் பார்த்தார். மூன்றாவது, நான்காவது. கண்ணாடி போல இருந்தன. ஒவ்வொன்றாகத் தாண்டும்போது அவர் முகம் மாறியது. ஏழாவதுக்கு அவர் குனிந்தபோது வேலியில் நின்ற ஒரு கிழவர், “அடப்பாவி, துட்டு மேல இருந்த பயம் பொண்டாட்டி மேல இல்லியேடா” என்றார். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்புத்தான். அமல்ராணி சொன்ன எதற்கும் பிரவீனுக்கு உறைக்கவில்லை. சிரிப்பு உறைத்தது. “தேவடியா, ஊரக் கூட்டி வச்சு என் மானத்த வாங்கறியா?” என்று பாய்ந்தான். அவன் நின்ற இடத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் புதுப் பாத்திரத்தின் மூடி ஒன்று கிடந்தது. அதைத் தாண்டி, இரண்டு எட்டு அதிகமாக வைத்துப் போய், பழைய வரிசையிலிருந்து கனமான மூடியை இரண்டு கையாலும் தூக்கினான். தமிழ்மணி அதைப் பார்த்தார். அவள் எழுந்திருப்பதற்குள் முதல் அடி தோளில் விழுந்தது. உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தாள். இரண்டாவது அடிக்கு மூடியை ஓங்கினான். பெண் போலீஸ் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார். சட்டை கிழிந்து கையோடு வந்தது.

அடைக்கலராஜ் அப்போதுதான் ஓடி வந்தார். “மாப்ள, வேணாம் மாப்ள, கோர்ட்டு ஆளுங்க இருக்காங்க மாப்ள” என்று கும்பிட்டுக்கொண்டே நடுவில் நுழைந்தார். ஓங்கின மூடி ஓங்கினபடியே இறங்கியது. அதன் ஓரம் அவர் வாயில் பட்டது. ஈரக்கட்டையை வெட்டுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மண்ணில் மண்டியிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். விரல் சந்துகளில் ரத்தம் கொப்பளித்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. துப்பினார். ரத்தத்தோடு ஒரு பல்லும் வந்து விழுந்தது. பிரவீன் அவர் விலாவில் இன்னொரு உதை விட்டான். பெண் போலீஸின் லத்தி அவன் முழங்கால் மடிப்பில் விழுந்தது, பிறகு முதுகில், பிறகு மறுபடி முழங்காலில். சீனுவாசனும் தெருவில் இருந்த இரண்டு பேரும் மேலே விழுந்து அவனைக் குப்புற அமுக்கினார்கள். முகம் மண்ணில் தேய, “மாமா, உன்னக் கொல்லாம வுட மாட்டேன்” என்று கத்தினான். வாசற்படியில் பூண்டு உரிக்கிற கை நிற்கவில்லை. அக்னஸின் உதடுகள் அசைய ஆரம்பித்திருந்தன.

அரைமணி நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து ஜீப் வந்தது. கையைப் பின்னால் துண்டால் கட்டி அவனை ஏற்றினார்கள். போகும்போது கூட, “கேளுங்க சார், அந்தக் கெழவன கேளுங்க. கோயில் வாசல்ல நாலு பேரு முன்னால எனக்குத்தான் குடுத்தேன்னு சொன்னவன். அவன் வாயாலயே சொல்லச் சொல்லுங்க” என்று கத்திக்கொண்டே போனான்.

தமிழ்மணி அக்கம்பக்கத்தில் யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கவிழ்த்த அண்டா ஒன்றின் மேல் ஃபைலை வைத்து எழுதினார். எழுதிவிட்டு அடைக்கலராஜைப் பார்த்தார். பெரியவர் ஈரத் துணியை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு இரண்டாகப் பிளந்து வீங்கியிருந்தது.

“ஐயா, பாத்திரம் பழசுங்கறது எனக்குத் திருப்தி. நானே பார்த்துட்டேன். ஒண்ணு மட்டும் நீங்க சொல்லணும். அன்னிக்கு இதை யாருக்குக் குடுத்தீங்க? மாப்பிள்ளைக்கா, பொண்ணுக்கா? மாப்பிள்ளைக்கு அன்பளிப்புன்னா அது அவருக்கே சேரும். பேரும் அவர் பேருதான் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க.”

அமல்ராணி தோளைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லாதவர். அதை ஒரு பெருமையாகவே வைத்திருப்பவர். உப்பு கூடிப்போனால் பந்தி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிவிடுகிறவர். கோயில் வாசலில் அவர் சொன்னதை அவளும் கேட்டிருக்கிறாள். தலையில் முக்காட்டோடு, மாலையோடு, அவள் அங்கேதான் நின்றிருந்தாள்.

அவர் துணியை எடுத்துவிட்டு அதில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். கீழே கிடந்த தன் பல்லைப் பார்த்தார். நாக்கால் அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார் போல, கன்னம் அசைந்தது.

“எம் பொண்ணுக்குக் குடுத்தது சார்” என்றார். வார்த்தை குழறியது. “அவ சீரு. அவளுக்குத்தான்.”

“நிச்சயமா?”

“பரிசுத்த வேதத்து மேல அடிச்சுச் சொல்றேன். எழுதிக்குங்க.”

கையெழுத்துப் போட்டார். ஒரு சொட்டு ரத்தம் தாளில் விழுந்தது. தமிழ்மணி அதை ஒற்றி எடுத்துவிட்டு, பதினான்கு பாத்திரங்களும் மனுதாரர் வசம் ஒப்படைக்கப்பட்டன என்று எழுதி அமல்ராணியிடம் நீட்டினார். அவள் தன் பேரை முழுதாக எழுதினாள். வரிசையில் ஒடுக்கு விழுந்ததை எல்லாம் சீனுவாசன் ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் அடுக்கினான். வலிக்கிற தோளோடு அவளும் ஒரு பக்கம் பிடித்தாள். வேலியில் நின்ற பெண்கள் இரண்டு பேர் உள்ளே வந்து பெரிய தேக்சாவுக்குக் கை கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இருபது கிலோ அரிசி போடலாம். பெரிய தேக்சாவில் ஒன்று, அடுத்த அளவில் ஒன்று. தொட்டுக்கொள்ளத் தால்சாவுக்குக் குண்டான். கத்தரிக்காய் சனிக்கிழமை சாயந்திரமே வாங்கிவிட வேண்டும்.

அடைக்கலராஜ் கயிற்றை இழுத்துப் பார்த்து முடிச்சைச் சரிசெய்தார். வாய் வீங்கியிருந்தாலும் முகம் தெளிந்திருந்தது. கடன் தீர்ந்த மனுஷன் மாதிரி இருந்தார்.

“போதும்மா. இனிமே அந்த மெஸ்ஸு கிஸ்ஸு ஒண்ணும் வேணாம். நீ பட்டது போதும்” என்றார். “நேரா நம்ம வூட்டுக்குப் போறோம். கொட்டாயில எடம் பண்ணி வச்சிருக்கேன். மரிய அருண் வேலை வுட்டுட்டு சும்மாதான் சுத்திக்கினு இருக்கான். இத்த வச்சு அவன ஒரு தொழில்ல ஒக்கார வச்சுட்டா போதும், உன் தம்பி உன்னக் கைவுட மாட்டான். நீ வூட்டோட ராசாத்தி மாதிரி இரு. கூடமாட வெங்காயம் கிங்காயம் அரிஞ்சு குடு, அது போதும். விழுப்புரத்துக்காரனுக்கு ஒரு போனைப் போட்டு ஞாயித்துக்கெழம முடியாதுன்னு சொல்லிடு. பொம்பளை தனியா ஒரு எடத்துல அடுப்ப வச்சா நாலு பேரு நாலு விதமா பேசுவான். இன்னாம்மா, நான் சொல்றது சரிதானே?”

பிளந்த உதட்டில் ரத்தம் மறுபடி கசிந்தது. அமல்ராணி தன் முந்தானை நுனியால் அதைத் துடைத்துவிட்டாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

“சீனு, எம் பின்னாலயே வாப்பா. திண்டிவனம் மேம்பாலம் தாண்டி ரெண்டாவது லெஃப்ட்டு” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு டி.வி.எஸ்.ஸை மிதித்துக் கிளப்பினார். அமல்ராணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கதவு ஒரே இழுப்பில் மூடவில்லை, இரண்டாவது தடவை ஓங்கி இழுத்தாள்.

ஊர் ரோட்டில் அப்பா முன்னால் போனார், வண்டி பின்னால் போனது. குழிகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் பதினான்கும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஹைவே வந்தது. அப்பா இடது பக்கம் கையைக் காட்டிவிட்டுத் திண்டிவனம் பக்கமாகத் திரும்பினார். லாரி ஒன்று அவரை ஒட்டிக்கொண்டு போனது. சீனுவாசனும் இடது இண்டிகேட்டரைப் போட்டான்.

அமல்ராணி கையை நீட்டிப் பாலத்துக்கு அடியில் இருந்த வழியைக் காட்டினாள். அதில் நுழைந்து அந்தப் பக்கம் ஏறினால் விழுப்புரம் போகிற ரோடு.

சீனுவாசன் அவள் முகத்தைப் பார்த்தான். இண்டிகேட்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் கையைக் கீழே இறக்கவில்லை. அவன் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தான். பாலத்தின் நிழலுக்குள் வண்டி நுழைந்தபோது பாத்திரங்களின் சத்தம் பத்து மடங்காகத் தூண்களில் மோதித் திரும்பி வந்தது. ஹைவேயில், வெயிலில், ரத்தம் காய்ந்த சட்டை காற்றில் உப்பிக்கொண்டிருக்க, அடைக்கலராஜ் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரியட்டும் என்று ஒரு கையை மட்டும் அவ்வப்போது தூக்கி, வா வா என்று ஆட்டிக்கொண்டே போனார்.